காணாமல் போன மீனாட்சி

மலையடிவாரத்து ஊரான நல்லதண்ணியில் என்னை எல்லாரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ் கண்டக்டர், பூமாலை விற்பவர், போலீஸ்காரர் எல்லாருக்கும் நான் மைக் அக்காதான். என் அப்பா அம்மா ஆசையாக வைத்த பேரைச் சொல்லி அந்தக் கடைத்தெருவில் யாராவது கத்தியிருந்தால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் என் பாட்டுக்கு நடையைக் கட்டியிருப்பேன். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

இந்த யாத்திரைப் பருவத்துக்கு அறிவிப்புக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, எந்த பட்டனை அமுக்க வேண்டும், எந்த ஒலிபெருக்கிக் குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதெல்லாம் உங்களுக்கு ஒரே நாளில் பழகிவிடும். அதற்கு நான் தேவையில்லை. நான் சொல்ல வந்தது பேர்களைப் பற்றி. சிவனொளிபாத மலைக்கு வருகிற சனத்தில் யாராவது ஒருவர் தினமும் தொலைந்து போவார். தேடுகிறவர் நம்மிடம் ஓடி வந்து ஒரு பேரைக் கொடுப்பார். அதை ஒலிபெருக்கியில் கூப்பிடுவதுதான் நம் வேலை. இதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு வெள்ளைக்காரர் மனைவியைத் தொலைத்துவிட்டு வந்தார். பேரின் கடைசிப் பாதிதான் குடும்பப் பேர், அதைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும் என்றார். கூப்பிட்டேன், அந்த அம்மா வந்துவிட்டார். சரி, தொழில் பிடிபட்டுவிட்டது என்று தலை கொஞ்சம் வீங்கிவிட்டது. அடுத்த நாளே கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெரியம்மா ஒருவரைக் காணவில்லை என்று வந்தார்கள். பேர் ரயில் மாதிரி நீளம். அவர்களுக்குக் குடும்பப் பேர் எங்கே இருக்குமென்று எனக்குத் தெரியாது. முன்னால் இருந்த 'முதியான்சேலாகே' என்பதுதான் அவர் பேர் என்று நினைத்து அதை மட்டும் உரக்கக் கூப்பிட்டேன். கூடத்து வாசலில் ஒரு சின்ன ஊர்வலமே வந்து நின்றது. "யார் எங்களைத் தேடியது?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். நாங்கள் தேடிய பெரியம்மா மட்டும் அதில் இல்லை.

எங்களோடு கடமையில் இருந்த சிங்கள சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "மிஸ், அது பரம்பரைப் பேரு. ஆயிரம் பேருக்கு இருக்கும். அவங்க சொந்தப் பேரு கடைசியில வரும்." அவர் பல வருடம் ஹட்டன் பக்கத்தில் வேலை செய்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். பேர் விஷயத்தில் எனக்குக் குரு அவர்தான்.

குரு சொன்னதைக் கேட்டு, கடைசிப் பேரையே பிடித்துக்கொண்டேன். நம் ஆட்களுக்குக் கடைசியில் நிற்பது அப்பா பேர் என்பது எனக்குத் தெரியாதா? என் பேருக்குப் பின்னாலும் என் அப்பாதானே நிற்கிறார். ஆனால் மைக்கைப் பிடித்ததும் அது மறந்துபோனது. தொலைந்துபோன ஒரு பெண் பிள்ளையை அவள் அப்பா பேரால் இரண்டு தடவை கூப்பிட்டேன். அவள் அழுதுகொண்டே ஓடி வந்தாள். "அப்பா செத்து ஒரு வருசம் ஆகலைங்க. யாருங்க அவரு பேரச் சொல்லிக் கூப்பிட்டது?" என்றாள். அதற்குப் பிறகு யாருடைய பேரையும் நான் பாதியாகக் கூப்பிட்டதில்லை. முஸ்லிம் பெண்கள் பலர் கல்யாணத்துக்குப் பிறகும் அப்பா பேரையே வைத்துக்கொள்வார்கள், அதனால் புருசன் பெண்சாதி பேர்கள் ஒட்டாது என்பதும், அதற்காகத் தேடி வந்தவரைச் சந்தேகமாகப் பார்க்கக் கூடாது என்பதும் இப்படி அடிபட்டுத்தான் தெரிந்தது.

சார்ஜன்ட் இன்னொரு விதியும் வைத்திருந்தார். மைக்கை வெளியாள் கையில் கொடுக்கவே கூடாது. ஒரு பருவத்தில் மனைவியைத் தேடி வந்த ஒருவர் மைக்கைப் பறித்து, "ஐயோ, விழுந்துட்டாளா?" என்று கத்திவிட்டார். யார் விழுந்தார்கள், எங்கே என்று யாருக்கும் தெரியாது. பாலத்தில் நின்ற சனம் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு ஓடியது. பல பேர் மிதிபட்டார்கள். ஒரு பெண்ணின் கை ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. அன்றிலிருந்து அந்த விதியை சார்ஜன்டை விடக் கடுமையாகக் காப்பாற்றியவள் நான். அமைச்சர் வந்து கேட்டாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

ஒரு போயா விடுமுறை, அதாவது பௌர்ணமி நாள், மத்தியானம் கழிந்த நேரம். மலையின் தலையே தெரியாதபடி மேகம் இறங்கியிருந்தது. மேலே மழை பிடித்துக்கொண்டது என்பதை ஆற்றைப் பார்த்தாலே சொல்லலாம். காலையில் கல் தெரிய ஓடிய தண்ணீர் பழுப்பாகிப் பாலத்துக்குக் கீழே இரைந்துகொண்டிருந்தது. இறங்கி வருகிற சனமும் பஸ்ஸுக்கு ஓடுகிற சனமும் எங்கள் கூடத்துக்கு முன்னால் முட்டிக்கொண்டன. சின்னக் கடைக்காரர்கள் பலகைகளின் மேல் பொலித்தீனை இழுத்துக் கட்டிவிட்டு ஒதுங்கினார்கள்.

அந்த நேரத்தில் ஒரு பெண்ணும் ஓர் இளைஞனும் வந்தார்கள். றொசல்லப் பக்கத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். பெண் கொழுந்து பறிக்கிறவள். இளைஞன் அவள் கொழுந்தன், கொழும்பில் உடுப்புக் கடையில் வேலை, லீவில் வந்தவன். அவள் புருசனுக்கு அன்று தொழிற்சாலையில் வேலை என்பதால் இவன் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். காலையில் மலையேறி இறங்கி, பாலத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் இனிப்பு வாங்கப் போனான். அவள் முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே கண் அசந்திருக்கிறாள். கண் விழித்துப் பார்த்தால் கூட வந்த பிள்ளை இல்லை. பெண் பிள்ளை, அடுத்த வருசம்தான் பள்ளிக்கூடம்.

"பேரு என்ன?" என்று கேட்டேன்.

தாய் வாயைத் திறந்தாள், மூடினாள். கொழுந்தன் முந்திக்கொண்டான். "மீனாட்சிங்க. மஞ்சச் சட்டை, செகப்புச் செருப்பு."

மூன்று மொழியிலும் கூப்பிட்டேன். அப்பா பேரையும் சேர்த்துக் கூப்பிட்டேன். சுத்தமாக, நிறுத்தி நிதானமாக, நான் கூப்பிட வேண்டிய முறைப்படி கூப்பிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பொதுவாகச் சின்னப் பிள்ளைகள் தொலைந்தால் யாராவது ஒரு கடைக்காரரோ யாத்திரை வந்த அம்மாவோ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். இரண்டாவது, மூன்றாவது அறிவிப்பு தாண்டுவதே அபூர்வம். அன்று நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். தேடப் போன தொண்டர் பையன்களும் கடைத்தெரு முழுக்க "மீனாட்சி, மீனாட்சி" என்று கத்திக்கொண்டு போனார்கள். கொழுந்தன் ஆற்றங்கரைக் கல்லெல்லாம் தாவித் தாவித் தேடி, இரண்டு முழங்காலிலும் ரத்தத்தோடு திரும்பினான்.

நான் ஒவ்வொரு முறை மீனாட்சி என்று சொல்லும்போதும் அந்தத் தாய் காதைப் பொத்திக்கொண்டு உடம்பைக் குறுக்கினாள். பெற்ற வயிறு பதறுகிறது என்று நினைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை.

அப்போது சார்ஜன்ட் நனைந்துகொண்டு வந்தார். கையில் ஒரு சின்னச் சிவப்புச் செருப்பு. ஆற்றுக்கு இறங்குகிற படியின் கடைசிக் கல்லில் கிடந்ததாம்.

தாய் அதைப் பார்த்தாள். கத்தவில்லை. அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "புதுச் செருப்புங்கக்கா. தொலைச்சா தோல உரிச்சிருவேன்னு காலையிலதான் சொன்னேன்" என்றாள்.

சார்ஜன்ட் என்னைத் தனியே கூப்பிட்டார். "மிஸ், கயிறு கட்டிப் பையன்கள ஆத்துல இறக்கப் போறேன். அந்தச் சத்தத்துல ஒருத்தர் சொல்றது ஒருத்தருக்குக் கேக்கணும். மைக்க நிறுத்துங்க. கரையில தேடுறதும் போதும். எல்லாரையும் கீழ்ப் பாலத்துக்கு அனுப்புறேன்."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். உயிரோடு தேடுவது முடிந்தது, இனி கீழே ஒதுங்குவதைத் தேட வேண்டியதுதான் என்று அர்த்தம். அவர் சொன்னதில் பிழையும் இல்லை. கை தானாகவே மைக்குக்குப் போனது. கடைசியாக ஒரு முறை என்று, "மீனாட்சி" என்று ஆரம்பித்தேன்.

தாய் எழுந்து வந்து என் கையைப் பிடித்துவிட்டாள். "அக்கா, போதுங்கக்கா. அந்தப் பேரக் கூப்பிடாதீங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஏம்மா? உம் புள்ள பேருதானே?"

"அது எங்க மாமி பேருங்கக்கா."

தம்பி தங்கைகளே, அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. புருசன் பேரையும் மாமனார் மாமியார் பேரையும் வாயால் சொல்லாத பெண்கள் நம் தோட்டத்து லய வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். மூத்தவர்களின் பேரைப் பிள்ளைக்கு வைப்பதும் நம் வழக்கம். மாமியார் பேரைப் பேத்திக்கு வைத்தால் மருமகள் அந்தப் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவாள்? மகனும் பெற்ற தாயின் பேரைச் சொல்லிக் கூப்பிடமாட்டான். கிளினிக் கார்டில் எழுதிய பேர் வீட்டில் ஒருவர் வாயிலிருந்தும் வருவதில்லை. நான் இவ்வளவு நேரமும் ஊரே அதிரக் கூப்பிட்ட பேரை அந்தப் பிள்ளை தன் பேராகக் கேட்டதே இல்லை.

"அப்போ வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்க?"

அவள் கொழுந்தனைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். "அண்ணி, சும்மா இருங்க. இத்தன சனம் கேக்குது. அந்தப் பேரப் போயி மைக்குல..."

எனக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும் என்று நல்லதண்ணிக் கடைக்காரர்களைக் கேளுங்கள். "தம்பி, ஒங்க மானம் பெருசா, புள்ள உசுரு பெருசா? வாயத் தொறந்தீங்கன்னா நானே ஒங்கள ஆத்துல தள்ளிருவேன்" என்றேன். அவன் அழத் தொடங்கினான். பாவம், கெட்டவன் இல்லை. கொழும்பில் நாலு பேர் தோட்டத்தான் என்று சிரித்ததைத் தாங்கிக்கொண்டவன், அண்ணன் மகளைப் பார்த்து ஊர் சிரிக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறான்.

"குப்பாயிங்கக்கா" என்றாள் தாய். "மூத்தது ரெண்டும் தங்கல. இது பொறந்த ஒடன குப்பைமேட்டுல படுக்க வச்சு, பக்கத்து லயக் காம்பராக்காரம்மா எடுத்துக் குடுக்க, தவிட்டக் குடுத்து வாங்கிக்கிட்டேன். குப்பையில கெடந்ததுன்னு பேரு வச்சதாலதான் இது ஒண்ணாவது நிக்குது. நல்ல பேர வெளிய சொல்லக் கூடாதுன்னு மூடி வச்சிருந்தேன். நீங்க அதையே மலை பூராக் கேக்குற மாதிரி..."

காதைப் பொத்தியது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. எந்தக் கண்ணிலும் படாமல் அவள் மறைத்து வைத்திருந்த பேரை நான் வானத்துக்கும் ஆற்றுக்கும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சார்ஜன்டுக்கு இரண்டு வார்த்தையில் சிங்களத்தில் சொன்னேன். குப்பை என்றா பேர் என்று அவர் முகம் சுருங்கியது. மெனிக்கே என்றால் சிங்களவர்களுக்கு மாணிக்கம். நூர் என்றால் முஸ்லிம்களுக்கு ஒளி. அப்படிப் பேர் வைப்பதும் பாசம்தான். சாவு கூட வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுப் போகட்டும் என்று பிள்ளைக்குக் குப்பை என்று பேர் வைப்பதும் பாசம்தான். இதை அவருக்கு விளக்க நேரமில்லை. "ஒரு நிமிசம் தாங்க சேர்" என்றேன். ஆற்றுப் பக்கம் பார்த்தார். "ஒரு நிமிசம்தான்" என்றார்.

நானே கூப்பிட்டேன். "குப்பாயி! குப்பாயி! அம்மா இங்க அறிவிப்புக் கூடத்துல இருக்காங்க." பஸ் வரிசையில் சிலர் சிரித்தார்கள். யாரோ ஒருவன் "யார்ரா அது குப்பாயி?" என்றான். பிள்ளை வரவில்லை.

அந்தச் சில நொடிகள் என் ஆயுளில் நீளமானவை. நான் சொன்னது சரியான பேர்தான், பிறகு ஏன் வரவில்லை என்று மண்டை உடைகிறது. ஒருவேளை சார்ஜன்ட் நினைப்பதுதான் உண்மையா? அப்போது மடியில் இருந்த செருப்பைப் பார்த்தேன். தோலை உரித்துவிடுவேன் என்று சொல்லி வளர்த்த பிள்ளை. செருப்பில் ஒன்று ஆற்றோடு போய்விட்டது என்று நினைத்திருந்தால் என்ன செய்யும்? ஒளிந்துகொள்ளும். ஒளிந்திருக்கிற பிள்ளை, கம்பத்தில் கட்டிய குழாயில் யாரோ ஒரு பொம்பளை அதட்டிக் கூப்பிட்டால் வெளியே வருமா?

மைக்கைத் தாயின் வாய்க்கு நேரே நீட்டினேன்.

"மிஸ், மைக் தென்ன எப்பா!" கொடுக்கவே கூடாது என்று சிங்களத்தில் சீறினார் சார்ஜன்ட். கோபம் வந்தால் அவருக்குத் தமிழ் போய்விடும். பாலத்தில் சனம் நிறைந்து நின்றது. இவள் ஒரு அலறல் அலறினால் போதும், பழைய கதை திரும்பவும் நடக்கும். இந்த முறை கீழே வெள்ளம் வேறு. எனக்குத் தெரியாமலா? என் கட்டைவிரலை பட்டனிலிருந்து எடுக்காமல் அவளிடம் சொன்னேன்: "அழக் கூடாது. கத்தக் கூடாது. மலையில நின்னுக்கிட்டு லயத்துல இருக்குற புள்ளயச் சாப்பிடக் கூப்பிடுவீங்கல்ல, அப்படிக் கூப்பிடுங்க. செருப்பு கெடைச்சிருச்சுன்னு சொல்லுங்க."

அவள் மைக்கைப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. சார்ஜன்ட் கை நீட்டினார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன், போலீஸ்காரர் கையை.

"அடி குப்பாயி..." அவள் ஆரம்பித்தாள். அந்த இழுப்பை நீங்கள் கேட்டிருப்பீர்கள். எதிர் மலை வரைக்கும் போகிற இழுப்பு. "செருப்பு கெடைச்சிருச்சுடி. அம்மாகிட்டதான் இருக்கு. அம்மா அடிக்கமாட்டேன், தங்கம். எந்திரிச்சு வா, சோறு திங்கப் போவோம்."

பஸ் வரிசையில் சிரிப்பு நின்றது. பாலத்தில் யாரும் ஓடவில்லை. நின்று திரும்பிப் பார்த்தார்கள். மழைச் சத்தமும் ஆற்றுச் சத்தமும் மட்டும் கேட்டன. அவள் இரண்டாவது முறையும் கூப்பிட்டாள்.

கூடத்துக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், மூடிய கடையொன்றின் நீலப் பொலித்தீன் அடியில் அசைந்தது. முதலில் ஒரு கை வந்தது. பிறகு மஞ்சள் சட்டை. எங்கள் குழாய்களில் ஒன்று அந்தக் கடைக்கு மேலேயேதான் கட்டியிருந்தது. தேடிப் போன பையன்கள் அந்தப் பலகையைக் கையால் தட்டிவிட்டுக்கூடப் போயிருக்கிறார்கள்.

சார்ஜன்ட் ரோட்டைத் தாண்டி ஓடிப் பிள்ளையைத் தூக்கி வந்தார். அவர் முகத்தில் ஓடியது மழைதான் என்று அவர் சொல்வார், நானும் அப்படியே சொல்லிவைக்கிறேன். மைக்கைக் கொடுத்ததற்கு அன்று அவர் என்னைத் திட்டவில்லை. மறுநாள் காலையில் நன்றாகத் திட்டினார். "சரியாப் போச்சு, அதனால விதி தப்புன்னு நெனைக்காதீங்க மிஸ்" என்றார். அதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். விதி சரிதான். கொடுத்தால் விரலை பட்டனிலிருந்து எடுக்காதீர்கள்.

மற்றபடி எனக்குச் சொல்ல இருப்பது ஒரு கேள்விதான். சிங்களவர் வரட்டும், முஸ்லிம் வரட்டும், நம்மவர் வரட்டும், எந்த நாட்டு வெள்ளைக்காரர் வேண்டுமானாலும் வரட்டும். பேர் என்ன என்று கேட்ட பிறகு, வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்றும் கேளுங்கள். கூட வந்தவர் முந்திக்கொண்டு பதில் சொன்னால் அவரை வெளியே நிற்கச் சொல்லுங்கள். பெற்றவளைக் கேளுங்கள். அவள் தயங்கினால் பொறுத்திருங்கள்.

அன்று தாய் பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூடத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடிக்கவில்லை. பிள்ளையின் ஒரு காலில் செருப்பு இருந்தது, தன்னிடம் இருந்ததை மற்றக் காலுக்குப் போட்டுவிட்டாள். கொழுந்தன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். பிள்ளைக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. அது எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தது, என் கையிலிருந்த மைக்கையும் பார்த்தது. பிறகு தாயின் காதில் ரகசியமாகக் கேட்டது. பிள்ளைகளின் ரகசியம்தான் தெரியுமே, எல்லாருக்கும் கேட்டது.

"அம்மா, மீனாட்சி மீனாட்சின்னு ரொம்ப நேரமாக் கூப்பிட்டாங்களே. அந்தப் புள்ள கெடைச்சிருச்சா?"

தாய் முந்தானையால் அதன் தலையைத் துவட்டினாள்.

"கெடைச்சிருச்சுடி."

"அவங்க அம்மா அழுதாங்களா?"

"அழுதாங்கடி" என்றாள்.